துணி விற்ற காசில் ஒரு ஓவியர் கிராமம்

பெரியகுளத்துல இருந்து வத்தலக்குண்டு பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சா, தேவதானப்பட்டி வர்றதுக்குள்ள சுவர்ல எத்தனை ஜவுளிக்கடை விளம்பரம் பாக்குறோம். அதை வரைஞ்சவரை யாரும் ‘ஓவியர்’னு சொல்றதில்லை, ‘பெயின்டர்’தான். கடைக்காக வரைஞ்சா அது கலை இல்லையா?

நியூயார்க்ல ஆண்டி வார்ஹோல், 1962-ல் சூப் டின் ஓவியங்களால பேசப்படுறதுக்கு முன்னாடி, ஐ. மில்லர் ஷூ கடை விளம்பரத்துக்குச் செருப்பு வரைஞ்சுட்டு இருந்தார். மை காயுறதுக்குள்ள இன்னொரு தாள்ல ஒற்றி எடுப்பார். கோடு விட்டுவிட்டு, திட்டுத்திட்டா விழும். அந்தப் பிசிறுதான் அவரோட அடையாளமாச்சு. நல்ல வருமானமும் கூட.

மெட்ராஸ்ல அதே கேள்விக்கு வேற விடை கிடைச்சது. 1957-லிருந்து ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். அவர்கிட்ட படிச்ச பசங்க நவீன ஓவியம் வரைஞ்சாங்க, வாங்கத்தான் ஆள் இல்லை. வயித்துப்பாட்டுக்கு விளம்பரக் கம்பெனி மாதிரி இடத்துக்குப் போனா, சொந்தமா வரைய நேரம் ஏது?

பணிக்கரும் அவங்களும் சேர்ந்து கைவினைப் பொருள் செய்ய ஆரம்பிச்சாங்க. அதுல முக்கியமானது பத்திக். உருக்கின மெழுகால துணியில வரைஞ்சு சாயத்துல முக்கணும். மெழுகு இருக்கிற இடத்துல சாயம் ஏறாது. நம்ம சின்னாளப்பட்டி சுங்குடியில முடிச்சு செய்யற வேலையை இங்க மெழுகு செய்யுது. துணியைக் கொஞ்சம் கசக்கினா மெழுகு விரியும், விரிசல்ல சாயம் நுழைஞ்சு நரம்பு மாதிரி ரேகை ஓடும். அதை முழுசா யாராலும் திட்டமிட முடியாது. வார்ஹோலோட பிசிறுக் கோட்டுக்கு இது தூரத்துச் சொந்தம்னு எனக்குத் தோணும்.

ஓவியம் விற்காத ஊர்ல பத்திக் விற்றது. அந்தப் பணத்துல ஈஞ்சம்பாக்கம் கடலோரத்துல நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாச்சு. சுல்தான் அலி, ராமானுஜம், வாசுதேவ், சேனாதிபதின்னு பலர் அங்கே வேலை செஞ்சாங்க.

இவங்க யாரும் துணி வேலையை மறைக்கலை. வீட்டுச் செலவைத் துணி பாத்துக்கிட்டதால கேன்வாஸை விற்பனைக்காக வளைக்க வேண்டிய கட்டாயம் குறைஞ்சது. பணிக்கரையே பாருங்க. புரியாத எழுத்தும் கணக்குக் குறியும் நிறைஞ்ச ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை அவர் அந்த அறுபதுகள்லதான் வரைஞ்சார். வரவேற்பறையில மாட்ட அதை யார் கேட்டு வாங்கியிருப்பாங்க?

ஈசிஆர்ல போறவங்க இறங்கிப் பாருங்க. கேட்டுக்கு உள்ளே நீங்க கால் வைக்கிற நிலமே கைவினை விற்ற காசுல வாங்கினதுதான்.