ஓரம் அடித்த கதை

போன வாரம் வீட்டம்மாவின் ரவிக்கையை வாங்கத் தையல்கடைக்குப் போனேன். "ஓவர்லாக் போட்டிருக்கு சார், அதுக்குத் தனியா இருபது ரூபா" என்றார் கடைக்காரர். வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாமல் இருக்கத்தான் ஓவர்லாக் என்று நாம் நினைக்கிறோம். அதன் பூர்வீகம் வேறு.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் மெரோ என்று ஒரு குடும்பம். முதலில் வெடிமருந்து ஆலை நடத்தினார்கள். அது வெடித்துப் போன பிறகு, 1838-ல் பின்னலாடை ஆலை தொடங்கினார்கள். பின்னல் துணியின் ஓரத்துக்குக் குரோஷா ஊசியால் போடுவது போன்ற விளிம்பை இயந்திரத்திலேயே போட முயன்றார்கள். அந்த முயற்சிக்குக் குரோஷா மெஷின் என்றே பெயர். அதிலிருந்து வந்ததுதான் ஓவர்லாக். அதற்கு ஜோசப் மெரோ 1889-ல் காப்புரிமை பெற்றார். சிப்பி சிப்பியாக வளைந்த ஓரம் போடும் மெஷின்களும் அவர்களிடமிருந்து வந்தன. சீருடை பேட்ஜ்களைச் சுற்றித் தடிப்பாக ஒரு விளிம்பு இருக்குமே, அதற்கு இன்றும் மெரோ பெயர்தான். ஆக, அலங்காரம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதல்ல, பிறவியிலேயே இருந்தது.

சூட்சுமம் லூப்பரில் இருக்கிறது. ஊசி நூல்தான் துணியைத் துளைக்கும். லூப்பர் நூல்கள் ஓரத்தைச் சுற்றிக்கொள்ளுமே தவிர, துணிக்குள் நுழையாது. அதனால் ஊசிக்காதில் நுழையாத தடித்த நூலையும், பளபளக்கும் நூலையும் லூப்பரில் கோக்கலாம். தையலை நெருக்கிக் குறுக்கினால் ஓரம் சுருண்டு மெல்லிய கயிறு போல ஆகும். பின்னல் துணியை இழுத்துப் பிடித்து அடித்தால் கீரை இலை மாதிரி அலையலையாக நெளியும்.

இதையெல்லாம் படித்தபோது அம்மா நினைவு வந்தது. அறுபதுகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து கைக்குட்டைகளுக்குக் குரோஷா ஓரம் போடுவார். டஜன் கணக்கில் கூலி. என் பள்ளிக்கூட நோட்டுகள் அந்தக் காசில் வந்தவை. பிறகு மெஷின் ஓரம் போட்ட கைக்குட்டைகள் கடைக்கு வந்தன. கடைக்காரர் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார். அம்மா யாரையும் குறை சொல்லவில்லை. "கண்ணுக்கு நல்லதுதான்டா" என்றார், அவ்வளவுதான்.

அதே ஓவர்லாக்தான் திருப்பூர் பவர் டேபிள்களில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அதைத் திட்ட மனம் வரவில்லை.

வீட்டு உபயோகத்துக்கான சின்ன ஓவர்லாக்கை அறுபதுகளில் ஜப்பானில் செய்தார்கள். மருமகளிடம் இப்போது அப்படி ஒன்று இருக்கிறது. பேத்தியின் பாவாடைக்கு அலை ஓரம் அடித்துக் காட்டினாள். பெட்டியிலிருந்த அம்மாவின் கைக்குட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். மருமகள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "இதைக் கையாலயா போட்டாங்க மாமா?" என்று கேட்டாள்.