சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் இந்திய நடனம்

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இந்திய நடனக் குழு 1977இல் தொடங்கியது. பொறியியலும் கணக்கியலும் படித்த மாணவர்கள் வகுப்பு முடிந்ததும் கூடி ஆடும் இணைப்பாட நடவடிக்கை அது. தேர்வு, பட்டம் எதுவும் கிடையாது. உலகின் பிற இடங்களில் நடனம் பாடமாகவே பல்கலைக்கழகம் புகுந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் டாப்ளர் 1926இல் நடனப் பட்டப்படிப்பைத் தொடங்கினார். பரோடா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1950களிலேயே இந்திய நடனம் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. சிங்கப்பூரின் பாதை வேறு. இங்கே சமூகம் வளர்த்த கலையைப் பல்கலைக்கழகம் பின்னர் விருந்தாளியாக உள்ளே அழைத்தது.

முதல் பள்ளிகள் சமூகத்தின் முயற்சிகளே. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இல் அமைந்தது. கேரளத்திலிருந்து வந்த கே. பி. பாஸ்கர் 1952இல் தம் நடனப் பள்ளியைத் தொடங்கினார். சிங்கப்பூர் சுயாட்சி பெற்ற 1959இல், யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் பண்பாட்டு அமைச்சரானார். அதே ஆண்டு ‘அனேகா ராகம் ரக்யாட்’ என்ற திறந்தவெளிக் கலைநிகழ்ச்சிகள் தொடங்கின. மலாய், சீன, இந்திய நடனங்கள் ஒரே மேடையில் ஏறின. 1960இல் மக்கள் கழகம் உருவானது. அதன் சமூக மன்றங்களில் அடவு பயிலும் வகுப்புகள் நடந்தன. பெரிய கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் சலங்கை கட்ட வாய்ப்புக் கிட்டியது. 1967இல் தொடங்கிய சிங்கப்பூர் இளையர் விழா நடனத்தைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுசென்றது. கலாக்ஷேத்திராவில் பயின்ற, இலங்கையில் பிறந்த நீலா சத்தியலிங்கம் 1977இல் அப்சரஸ் ஆர்ட்ஸை நிறுவினார். 1989இல் கலாசாரப் பதக்கம் பெற்றார்.

பல்கலைக்கழகத்துக்குள் இக்கலை வேரூன்றியதைச் சாந்தா பாஸ்கரைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. 1939இல் கேரளத்தில் பிறந்த அவர், கே. பி. பாஸ்கரை மணந்து 1955இல் சிங்கப்பூர் வந்தபோது இன்னும் பதின்ம வயதில்தான் இருந்தார். மூன்றே ஆண்டுகளில், சீனக் காதல் கதையான ‘பட்டாம்பூச்சிக் காதலர்கள்’ பரதநாட்டியத்தில் அவர் கையால் நாட்டிய நாடகமாயிற்று. 1958இல் அது துணிச்சலான காரியம். மரபை மீறியதாகச் சிலருக்குப் பட்டிருக்கலாம். ஆனால் பல இனத்தவர் வாழும் ஊரில் இந்திய நடனம் யாருக்காக என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடையை இன்றுவரை யாரும் தரவில்லை.

அதே மனப்பான்மையோடுதான் அவர் பல்கலைக்கழகக் குழுவையும் பல ஆண்டுகள் வழிநடத்தினார். அதில் சேர இந்தியராக இருக்க வேண்டியதில்லை. சிறு வயது முதல் ஆடியவரும் புதியவரும் ஒரே வரிசையில் நின்றனர். அரங்கேற்றம் கண்டவரை மட்டும் சேர்த்திருந்தால் குழு பளபளத்திருக்கும், சமூக நடனமாக இருந்திராது. குவாண்டம் தொழில்நுட்ப ஆய்வு மையத்தின் அறிவியலாளர்களுடன் பேசி இயற்பியல் கருத்துகளை நடனமாக்கியதும் இக்குழுதான். நாட்டியத் துறை இல்லாத பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மையம் நாட்டியத்துக்குக் கைகொடுத்தது வேடிக்கைதான். சாந்தா பாஸ்கர் 1990இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். 2022 பிப்ரவரியில் மறைந்தார்.

நடனத்தைப் பட்டப்படிப்பாக எடுத்துக்கொண்டவை கலைக் கல்லூரிகள். சகோதரர் ஜோசப் மெக்னலி 1984இல் நிறுவிய லாசால் கலைக்கல்லூரியின் நடனப் பட்டம் சமகால நடனத்தை மையமாகக் கொண்டது. லாசாலும் நன்யாங் நுண்கலைக் கழகமும் இணைந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024இல் செயல்படத் தொடங்கியது. லாசாலின் மெக்னலி தெரு வளாகம் லிட்டில் இந்தியாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கே. பி. பாஸ்கர் தொடங்கிய பள்ளியான பாஸ்கர் கலைக்கழகத்தின் கெர்பாவ் சாலை இல்லத்திலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். ஆயினும் பரதநாட்டியத்தின் ஆழமான பயிற்சி இன்றும் சமூகப் பள்ளிகளிடமும் தனி ஆசிரியர்களிடமுமே இருக்கிறது. அரை நூற்றாண்டை நெருங்கும் பல்கலைக்கழகக் குழுவுக்கு ஆடத் தெரிந்தவர்களை அனுப்பிவைப்பவையும் அந்தப் பள்ளிகளே.