மோ கான் தோ

2002-இல் வெளியான 'இன்ஃபர்னல் அஃபேர்ஸ்' என்ற ஹாங்காங் படத்தின் கான்டனீஸ் பெயர் 'மோ கான் தோ'. மோ என்றால் இல்லை, கான் என்றால் இடைவெளி, தோ என்றால் வழி. பௌத்தம் சொல்லும் நரகங்களில் ஆக அடியில் இருப்பது அவீசி. அந்த வடசொல்லுக்குச் சீனர் கண்ட பெயர்தான் 'இடைவெளியற்றது'. அங்கே வேதனைக்கு நடுவில் மூச்சுவிட ஒரு கணமும் கிடையாது.

கதைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. டோனி லியூங் குற்றக் கும்பலுக்குள் வாழும் போலீஸ்காரர். ஆண்டி லாவ் காவல் துறைக்குள் வளரும் கும்பலின் ஆள். இருவராலும் ஒரு நொடிகூட வேடத்தைக் கலைக்க முடியாது. ஆங்கிலத் தலைப்பு, காவல் துறையின் உள்விசாரணைப் பிரிவின் பெயரை நரகத்தோடு பிணைத்த சிலேடை. அழகானதுதான், ஆனால் 'ஓயாத' என்ற பொருள் அதில் உதிர்ந்துவிட்டது.

ஹாலிவுட் மறுஆக்கமான 'தி டிபார்ட்டட்' (2006) இரண்டு ஒற்றர்களையும் கொன்றுவிடுகிறது. மூலத்திலோ ஆண்டி லாவ் பிழைக்கிறார். அதுவே அவருக்குத் தண்டனை. சீனாவுக்காக மாற்றிய முடிவில் அவர் கைதாகிறார், தலைப்பின் பொருளே கெடுகிறது. பார்ப்பதானால் ஹாங்காங் பதிப்பையே தேடிப் பாருங்கள்.