பயிர் இலைகளின் மேற்பரப்பும் வெப்பத் தாங்குதிறனும்: ஓர் ஆய்வு வரலாறு

கோடை வெயிலில் அருகருகே கிடக்கும் கல்லும் இலையும் ஒரே அளவில் சூடாவதில்லை. போதிய நீர் பெற்ற பயிரின் இலை, வறண்ட காற்றுள்ள இடத்தில், சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை குளிர்ந்திருப்பதுண்டு. வேருக்கு நீர் எட்டாத பயிரின் இலையோ காற்றைவிடச் சூடாகிவிடும். இந்த வேறுபாட்டில் இலையின் மேற்பரப்புக்குப் பெரும் பங்கு உண்டு. இதைக் கண்டறிந்து, அளந்து, பயிர்ப் பெருக்கத்தில் பயன்படுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாறு முழுவதும் ஒரே கேள்வி தொடர்ந்து வருகிறது. வெப்பத்தில் பயிர் நீரைக் காப்பது நல்லதா, செலவிடுவது நல்லதா?

இலைப் பரப்பின் அமைப்பு

இலையின் புறத்தோலை மூடியிருக்கும் மெல்லிய படலம் கியூட்டிகிள் எனப்படும். அதன் உள்ளும் மேலும் மெழுகு உண்டு. முட்டைக்கோஸ் இலையில் விரலால் தேய்த்தால் அகலும் சாம்பல் நிறப் பூச்சு இந்த மெழுகுதான். பல தாவரங்களில் புறத்தோலிலிருந்து நுண்மயிர்களும் வளர்கின்றன. இவற்றுக்கு இடையே இலைத்துளைகள் உள்ளன. ஒவ்வொரு துளையின் இரு பக்கமும் உள்ள காப்புச் செல்கள் அதைத் திறந்து மூடுகின்றன.

மெழுகும் மயிரும் வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. மெழுகு நீர்க்கசிவையும் தடுக்கிறது. இலைத்துளைகள் திறந்திருக்கும்போது நீர் ஆவியாக வெளியேறி இலையைக் குளிர்விக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பம் பெரும்பாலும் இலையிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆகவே ஒரே பரப்பில் நீரைக் காக்கும் அமைப்பும் நீரைச் செலவிடும் அமைப்பும் சேர்ந்தே இருக்கின்றன.

தொடக்க கால ஆய்வுகள்

நுண்ணோக்கி பரவிய 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மார்செல்லோ மால்பிகியும் இங்கிலாந்தின் நெகேமியா குரூவும் தாவர உறுப்புகளை ஆராய்ந்தனர். குரூ 1682-இல் வெளியிட்ட தாவர உள்ளமைப்பு நூலில் இலைகளில் உள்ள துளைகளைப் பற்றி எழுதினார். அவற்றின் பணி அப்போது தெளிவாகவில்லை.

அளவிடும் முறையைத் தொடங்கிவைத்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ். இலண்டனுக்கு அருகே டெடிங்டனில் சமயப் பணியாற்றிய இவர், சூரியகாந்திச் செடி இருந்த தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடினார். இதனால் மண்ணிலிருந்து நீர் ஆவியாவது தடைப்பட்டது. காலையும் மாலையும் எடை பார்த்தபோது, பகலின் 12 மணி நேரத்தில் செடி சராசரியாக 1 பவுண்டு 4 அவுன்சு நீரை இழந்தது தெரிந்தது. இது ஏறத்தாழ 570 கிராம் ஆகும். 1727-இல் வெளிவந்த அவருடைய நூல் நீராவிப்போக்கை எண்ணால் அளக்கக்கூடிய செயலாக மாற்றியது.

மெழுகும் துளையும்

19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அடோல்ப் பிரோன்னியார் முட்டைக்கோஸ் இலையை நீரில் ஊறவைத்து, அதன் கியூட்டிகிளைத் தனிப்படலமாகப் பிரித்துக் காட்டினார். 1871-இல் ஜெர்மனியின் அன்டோன் டி பாரி, புறத்தோல் மெழுகை அதன் வடிவத்தைக் கொண்டு வகைப்படுத்தினார். மணிகள், குச்சிகள், படலம் என அது பல வடிவங்களில் அமைவதை அவர் காட்டினார். கரும்புத் தண்டின் வெண்பூச்சு நுண்ணிய மெழுகுக் குச்சிகளால் ஆனது.

சார்லஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வின், இலைத்துளைகள் ஒளிக்கும் ஈரத்துக்கும் ஏற்பத் திறந்து மூடுவதைப் பற்றி 1898-இல் விரிவான ஆய்வை வெளியிட்டார். 1900-இல் பிரவுனும் எஸ்கோம்பும் வேறொரு புதிரை விளக்கினர். இலைப் பரப்பில் மிகச் சிறு பங்கையே பிடிக்கும் துளைகள் வழியே இவ்வளவு நீராவி எப்படி வெளியேறுகிறது? நுண்துளை வழியே வாயு பரவும் வேகம் துளையின் பரப்பை அல்ல, விட்டத்தையே சார்ந்திருக்கிறது என அவர்கள் காட்டினர். இதனால் ஒரு பெரிய துளையைவிட அதே மொத்தப் பரப்புள்ள பல சிறு துளைகள் அதிக நீராவியை வெளிவிடும். இலை தன்னைக் குளிர்விக்கும் ஆற்றலுக்கு இதுவே அடிப்படை.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலையின் வெப்பம் ஒரு வரவு செலவுக் கணக்காகப் பார்க்கப்பட்டது. உறிஞ்சும் ஒளி வரவு. வெளிவிடும் கதிர்வீச்சும், காற்று கொண்டுசெல்லும் வெப்பமும், நீராவியும் செலவு. 1960-களில் வருடு எலக்ட்ரான் நுண்ணோக்கி விற்பனைக்கு வந்ததும் மெழுகின் நுண்ணமைப்பையும் தெளிவாகக் காண முடிந்தது.

சோளமும் கோதுமையும்

சோளப் பயிரின் தண்டிலும் இலையுறையிலும் வெள்ளை மாவு போன்ற மெழுகு படிந்திருப்பதை உழவர் நன்கறிவர். இந்தப் பூச்சு இல்லாத சோள வகைகளும் உண்டு. 1970-களில் இரு வகைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், பூச்சில்லாத வகை கூடுதலாக நீரை இழப்பது தெரிந்தது. ஆயினும் அந்த வகைக்கு ஒரு நன்மை இருந்தது. சோளத்தைத் தாக்கும் ஒரு வகை அசுவினிப் பூச்சி அதை அவ்வளவாக விரும்பவில்லை. வறட்சியைத் தாங்க உதவும் ஒரு பண்பு பூச்சித் தாக்குதலில் பாதகமாகலாம் என்பதை இது உணர்த்தியது.

கோதுமையிலும் நீலச் சாம்பல் பூச்சுள்ள வகைகளும் பச்சைப் பளபளப்புள்ள வகைகளும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பூச்சில் மட்டுமே பெரிதும் வேறுபட்ட நெருங்கிய வரிசைகளை வளர்த்து ஒப்பிட்டனர். 1983-லும் 1986-லும் வெளிவந்த முடிவுகளின்படி, வறண்ட நிலத்தில் பூச்சுள்ளவை கூடுதல் விளைச்சல் தந்தன. அவற்றின் இலை ஏறத்தாழ 0.7 பாகை செல்சியஸ் குளிர்ந்திருந்தது. இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் மணி பிடிக்கும் பருவத்தில் வெப்பம் கூடினால் இலை விரைவில் முதிர்ந்து பழுக்கும். மணி நிரம்பும் நாட்கள் குறைந்து தானியம் சுருங்கும். அப்போது அரைப் பாகைக்கும் மதிப்பு உண்டு.

நுண்மயிரின் பங்கு

1976-இல் எலரிங்கர், பியோர்க்மன், மூனி ஆகியோர் அமெரிக்கப் பாலைவனப் புதர் ஒன்றையும் அதன் கடற்கரை உறவுத் தாவரத்தையும் ஒப்பிட்டனர். பாலைவனத் தாவரத்தின் வெண்மயிர்கள் ஒளியைத் திருப்பி இலையைக் குளிர்வித்தன. ஆனால் ஒளிச்சேர்க்கைக்கான ஒளியும் அதனால் குறைந்தது. பயிரில் மயிரை மிகுதியாக்க நினைப்பவர்கள் இந்த இழப்பையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது.

எதிர்பாராத முடிவு

மெழுகைப் பற்றிய ஆய்வுகள் நீரைக் காப்பதே நல்லது என்ற எண்ணத்தை வளர்த்தன. 1998-இல் வெளிவந்த இரு ஆய்வுகள் அதற்கு மறுபக்கத்தைக் காட்டின.

முதலாவது, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பாசன நிலத்தில் பயிராகும் நீண்ட இழைப் பிமா பருத்தி பற்றியது. பயிர்ப் பெருக்க வல்லுநர்கள் பல பத்தாண்டுகளாகக் கடும் வெப்பத்தில் கூடுதல் விளைச்சல் தரும் செடிகளையே தேர்ந்தெடுத்து வந்தனர். இலைத்துளைகளை அவர்கள் அளக்கவில்லை. லூவும் சைகரும் அவர்களுடைய குழுவினரும் பழைய, புதிய வகைகளை ஒப்பிட்டபோது, புதியவற்றின் துளைகள் கூடுதலாகத் திறந்து, இலைகள் சிறுத்திருந்தன. விளைச்சலைத் தேடிய தேர்வு, யாரும் திட்டமிடாமலே நீரைச் செலவிட்டுக் குளிரும் செடிகளைக் கொண்டுவந்திருந்தது.

இரண்டாவது, மெக்சிகோவின் வடமேற்கில் பன்னாட்டு மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையத்தைச் சார்ந்த ஆய்வு. 1962 முதல் 1988 வரை வெளியான எட்டுக் குட்டைக் கோதுமை வகைகளை பிஷரும் உடன் ஆய்வாளர்களும் ஒப்பிட்டனர். அந்தக் காலத்தில் விளைச்சல் 27 விழுக்காடும், இலைத்துளை வழியே நீராவி செல்லும் திறன் 63 விழுக்காடும் உயர்ந்திருந்தன. பயிர்ப் பரப்பு 0.6 பாகை குளிர்ந்திருந்தது.

ஆஸ்திரேலியக் கோதுமையும் மெக்சிகோ கோதுமையும் ஏறத்தாழ ஒரே அளவு குளிர்ச்சியைப் பெற்றன. முன்னது மெழுகால் ஒளியைத் திருப்பிப் பெற்றது. பின்னது துளைகளைத் திறந்து பெற்றது. முன்னதற்கு வறண்ட நிலம், பின்னதற்குப் பாசன நீர் என்பதே வேறுபாடு.

இன்றைய பயன்

தொலைவிலிருந்தே இலையின் வெப்பத்தைக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி இந்த அறிவை வயலுக்குக் கொண்டுவந்தது. அரிசோனாவில் ஜாக்சனும் இட்சோவும் 1981-இல் இலைக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டு பயிரின் நீர்த்தேவையைக் கணிக்கும் முறையை வெளியிட்டனர். பயிர்ப் பெருக்க வல்லுநர்களும் குளிர்ந்த பயிரைத் தேர்ந்தெடுக்க இக்கருவியைப் பயன்படுத்துகின்றனர்.

இந்த முறைகளுக்கு எல்லைகளும் உண்டு. ஈரப்பதம் மிகுந்த கடலோரக் காற்றில் நீர் எளிதில் ஆவியாகாது. ஆகவே திறந்த துளையால் வரும் குளிர்ச்சி அங்கே குறையும். வெப்பம் மிகும்போது பல தாவரங்களின் கியூட்டிகிள் வழியே நீர்க்கசிவும் கூடுகிறது. மழையை மட்டும் நம்பிய நிலத்தில் துளையைத் திறந்துவைக்கும் வகையை விதைத்தால், மண்ணின் ஈரம் தீர்ந்து, மணி பிடிக்கும் முன்பே பயிர் காயக்கூடும். பாசன நிலத்தில் நீரை அடக்கும் வகையை விதைத்தால், நீர் இருந்தும் இலை சூடாகி விளைச்சல் குறையக்கூடும். எனவே வெப்பம் தாங்கும் வகை என்று ஒரு விதையைப் பரிந்துரைக்கும்போது, அது எந்த நீர்நிலையில் சோதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.