நாற்பதுக்கு மேல் ஜூடோவா? தாகூரைக் கேளுங்கள்

நாற்பது வயசுக்கு மேல் ஒரு சண்டைக்கலை கத்துக்கலாம் என்று கிளம்பினால் முதலில் வந்து சேர்வது அறிவுரைதான். டாக்டர் முட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வீட்டம்மா "வாக்கிங் போனா போதாதா?" என்றார். ஊரிலிருந்து மாமா போனில் கேட்டதுதான் கொஞ்சம் உறைத்தது: "ஏம்ப்பா, நம்ம சிலம்பம் இருக்கறப்ப ஜப்பான்காரன் வித்தை எதுக்கு?"

நியாயமான கேள்வி. கொல்கத்தாவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். லேக் மார்க்கெட் பக்கம் போனால் காபித் தூள் கிடைக்கும், முருங்கைக்காய் கிடைக்கும். சிலம்ப வாத்தியார் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. தனியாக பிளாட்டில் கம்பு சுற்றினால் முதல் பலி சீலிங் ஃபேன்தான் :-) ஆனால் மாமாவின் கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை. நல்ல பதில் இந்த ஊர் சரித்திரத்திலேயே இருக்கிறது. சொன்னவர் ரவீந்திரநாத் தாகூர்.

தாடிக்காரக் கவிஞருக்கும் ஜூடோவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சின்ன வயசில் அவரே மல்யுத்தம் பழகியவர். விடியற்காலையில் ஒற்றைக்கண் பயில்வான் ஒருவர் கோதாவில் இறக்கிப் புரட்டி எடுப்பாராம். மண்ணில் புரண்டு பிள்ளை கறுத்துவிடுவானோ என்று அம்மாவுக்குக் கவலை. லீவு நாளில் பாலாடையும் பாதாமும் ஆரஞ்சுத் தோலும் அரைத்துப் பூசித் தேய்த்துவிடுவார். (எல்லா ஊரிலும் அம்மாக்கள் அம்மாக்கள்தான்.)

ஆக, உள்ளூர் வித்தை தெரியாமல் அவர் வெளியே போகவில்லை. அந்தக் காலத்து வங்காளத்தில் அதற்குப் பஞ்சமும் இல்லை. வங்காளி என்றாலே தொடைநடுங்கி என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த கோபத்தில் தெருவுக்குத் தெரு கோதாவும் லாட்டிக் கம்பும். தாகூரின் அக்கா மகள் சரளாதேவி தன் வீட்டிலேயே ஆள் வைத்து இளைஞர்களுக்குக் கம்பும் வாளும் கற்றுக்கொடுத்தார். 1902-ல் அனுசீலன் சமிதி பிறந்தது. வெளியே தேகப்பயிற்சி, உள்ளே புரட்சி. 1909-ல் அரசு தடை போட்டது. மல்யுத்தத்தில் கோபர் குஹா 1921-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஆட் சாண்டல் என்பவரை வீழ்த்தினார். வேடிக்கை என்னவென்றால், அந்த சாண்டல் அதே வருடம் டோக்கியோவில் ஜூடோக்காரர்களோடு மோதிவிட்டு வந்தவர்!

இத்தனையும் சுற்றி இருக்க, தாகூர் 1905-ல் ஜப்பானிலிருந்து ஜின்னோசுகே சானோ என்ற ஜூடோ ஆசிரியரை சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். கடல்போரில் ஜப்பான் ரஷ்யாவை முறியடித்த வருடம் அது. அந்த மோகமும் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் அது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவும் தாகூரைப் போலவே பள்ளிக்கூடக்காரர். 1882-ல், 21 வயதில், டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் 12 பாய் விரித்து கோடோகனைத் தொடங்கியவர். ஆள் குள்ளம், பையனாக இருந்தபோது அடி வாங்கியவர். பழைய ஜுஜுத்சுவில் குத்து, உதை போன்ற ஆபத்தானவற்றைச் சுதந்திரப் பயிற்சியிலிருந்து விலக்கினார். மிச்சத்தை முழு வேகத்தில் பழகலாம், மறுநாள் பள்ளிக்கும் போகலாம். முதல் பாடமே அடிபடாமல் கீழே விழுவது. என் வயசுக்காரனுக்கு இதைவிட உபயோகமான பாடம் எது? பாத்ரூமில் வழுக்கினாலும் உதவுமே.

1929-ல் ஜப்பான் போன தாகூர் இரண்டாவது முறை ஏற்பாடு செய்தார். ஷின்சோ தகாகாகி வந்தார். இந்தத் தடவை பாயில் பையன்களோடு பெண்களும் இறங்கினார்கள். அமர்த்தியா சென்னை நமக்குத் தெரியும்; அவர் அம்மா அமிதா சென் அந்தப் பெண்களில் ஒருவர். கோதாவில் லங்கோடு கட்டின ஆண்களுக்குத்தான் இடம். ஜூடோவிலோ கைகால் மூடிய வெள்ளை உடுப்பு, பலத்தைவிட நேரம் பார்த்துச் சாய்ப்பதுதான் வித்தை. 1931 மார்ச்சில் கல்கத்தா நியூ எம்பயர் அரங்கில் மாணவ மாணவியர் அத்தனை பேர் முன்னால் செய்து காட்டினார்கள். கூச்சத்தை உதறச் சொல்லும் 'சங்கோசேர் பிஹ்வலதா' பாட்டை தாகூர் அந்த நிகழ்ச்சிக்காகவே எழுதினார். எழுபதை நெருங்கிய மனிதர்!

கைதட்டினார்களே தவிர காசு வரவில்லை. சாந்திநிகேதனிடம் பணம் இல்லை. கல்கத்தா மாநகராட்சியாவது தகாகாகியை வேலைக்கு எடுத்து நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று முயன்றார், நடக்கவில்லை. தகாகாகி கிளம்பிவிட்டார். கம்பு, கோதா என்று பெருமை பேசிய ஊர், தன் பெண்களுக்கு வந்த ஒரு வாத்தியாரை வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் இந்தக் கதையில் என்னை உறுத்துகிறது. "நம்முடையதா, அவனுடையதா" என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். "யாருக்கெல்லாம் சொல்லித் தருவார்கள்" என்று தாகூர் கேட்டிருக்கிறார். மாமாவுக்கு என் பதிலும் அதுதான்.

ஒலிம்பிக்கில் ஆண்கள் ஜூடோ 1964-ல் வந்தது. பெண்களுக்குப் பதக்கப் போட்டி 1992 பார்சிலோனாவில்தான். சாந்திநிகேதன் பெண்கள் மேடையேறி 61 வருடம் கழித்து. என் மகளுக்குப் பதிமூன்று வயது. இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். வகுப்பு எந்தெந்தக் கிழமை என்று மட்டும் கேட்டாள்.