ஓய்வூதியப் பணத்தில் பிறந்த பத்திரம்

பசுமைப் பத்திரம் என்று கேள்விப்படுகிறவர்கள், மரம் நடுகிறவர்களோ கொடி பிடிக்கிறவர்களோ அதைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைக்கலாம். உண்மையில் அதைக் கேட்டு வாங்கியவர்கள் ஸ்வீடன் நாட்டு ஓய்வூதிய நிதிகளின் அதிகாரிகள். ஊரார் பணத்தில் நஷ்டம் வந்தால் ஊருக்கே பதில் சொல்ல வேண்டியவர்கள். புதுமை என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற ஆட்கள்.

அது 2007. பருவநிலை பற்றி ஐ.நா. அமைத்த ஐ.பி.சி.சி. குழு தன் நான்காவது மதிப்பீட்டு அறிக்கையை வெளியிட்ட ஆண்டு. அமைதிக்கான நோபல் பரிசும் அந்தக் குழுவுக்கும் அல் கோருக்கும் போனது. ஓய்வூதிய நிதிக்காரர்களுக்கு இந்த அறிக்கை வெறும் செய்தி இல்லை. இன்று இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்கிறவருக்கு நாற்பது ஆண்டு கழித்துப் பணம் தர வேண்டும். நாற்பது ஆண்டில் கடல் மட்டம் என்ன ஆகும், விளைச்சல் என்ன ஆகும் என்பது அவர்களுக்குக் கணக்கு வழக்கு சம்பந்தப்பட்ட விஷயம். அந்த ஆண்டின் பிற்பகுதியில் சில நிதிகள் எஸ்.இ.பி. என்ற ஸ்வீடன் வங்கியிடம் போய், பருவநிலைக்கு உதவும் வேலைகளில் பணம் போட வழி இருக்கிறதா என்று கேட்டன.

வழி இருந்தது, ஆனால் எதுவும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. காற்றாலைக் கம்பெனியின் பங்கை வாங்கலாம். பங்கு என்பது உரிமை. லாபம் வந்தால் பங்கு உண்டு, கம்பெனி கவிழ்ந்தால் போட்டதும் போச்சு. நேராக ஒரு சூரிய மின் திட்டத்துக்குக் கடன் கொடுக்கலாம். திட்டம் பாதியில் நின்றால் கடனும் நிற்கும். ஓய்வூதிய நிதியில் பங்குக்கு இவ்வளவு, கடன் பத்திரத்துக்கு இவ்வளவு, கட்டடம் நிலத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருப்பார்கள். இதில் பெரும் பணம் கிடப்பது கடன் பத்திரப் பகுதியில். அங்கே உட்கார்ந்திருப்பவர் உயர்ந்த தரச்சான்று உள்ள, நினைத்தபோது விற்கக்கூடிய பத்திரத்தை மட்டுமே தொடுவார். நல்ல காரியம் என்று சொன்னால் அவர் மனம் இளகாது, இளகவும் கூடாது.

எஸ்.இ.பி.யில் கிறிஸ்டோபர் ஃபிளென்ஸ்போர்க் என்பவரும் வாஷிங்டனில் உலக வங்கியின் கருவூலப் பிரிவும் சேர்ந்து கண்ட தீர்வு எளிமையானது. கடன் வாங்குவது உலக வங்கி, திருப்பித் தரும் பொறுப்பும் அதற்கே. எந்தத் திட்டம் தோற்றாலும் பத்திரம் வைத்திருப்பவருக்கு வட்டியும் அசலும் வரும். பத்திரத்தில் புதிதாக ஒரே ஒரு வாக்குறுதிதான்: இந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைப்போம், பருவநிலைக்கு உதவும் திட்டங்களுக்கு மட்டும் எடுப்போம், எங்கே போனது என்று சொல்வோம். ஆபத்தை ஒருவர் தலையில் வைத்து, நோக்கத்தை மட்டும் தனியே எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பத்திரத்தின் சாமர்த்தியம் அவ்வளவும் இதில்தான்.

‘உதவும் திட்டம்’ எது என்று யார் சொல்வது? வங்கிக்காரர் சொன்னால் யார் நம்புவார்? ஆஸ்லோவில் இருந்த சிசெரோ என்ற பருவநிலை ஆய்வு மையத்தை அழைத்தார்கள். திட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் அறிவியலுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்து அவர்கள் கருத்து எழுதிக் கொடுத்தார்கள். வெளியார் கருத்து என்ற வழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது.

2008 நவம்பரில் பத்திரம் வெளிவந்தது. 232.5 கோடி ஸ்வீடன் குரோனா, ஆறு ஆண்டு, வட்டி 3.5 சதவீதம். ஏபி2, ஏபி3 என்ற அரசு ஓய்வூதிய நிதிகளும் ஸ்காண்டியா காப்பீட்டு நிறுவனமும் வாங்கியவர்களில் அடக்கம். லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பத்திரங்களை வாங்கி உலகமே கையைச் சுட்டுக்கொண்டிருந்த நேரம். பணம் எங்கே போகும் என்று எழுதிக் கொடுத்த பத்திரம் அப்போது எடுபட்டதில் வியப்பில்லை.

முதல் பசுமைப் பத்திரம் இதுதானா என்று ஒரு விவாதமும் உண்டு. ஐரோப்பிய முதலீட்டு வங்கி 2007-லேயே 60 கோடி யூரோவுக்கு ‘பருவநிலை விழிப்புணர்வுப் பத்திரம்’ வெளியிட்டிருந்தது. ஆனால் அதன் வருமானம் பங்குக் குறியீட்டோடு கட்டப்பட்டிருந்தது. காலத்தால் அது மூத்தது. இன்று உலகம் பின்பற்றுகிற அச்சு உலக வங்கியுடையது என்பது என் கணிப்பு.

பிறகு 2013-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரமும் வாசக்ரூனன் என்ற கட்டட நிறுவனமும் பசுமைப் பத்திரம் வெளியிட்டன. 2014-ல் வங்கிகள் கூடிப் பொது நெறிகள் வகுத்தன. அவற்றை ஏற்பது அவரவர் விருப்பம். தகராறு அங்கேதான். 2017-ல் ஸ்பெயினின் ரெப்சால் எண்ணெய் நிறுவனம், சுத்திகரிப்பு ஆலைகளில் எரிசக்தியை மிச்சப்படுத்தப் போவதாகச் சொல்லி 50 கோடி யூரோ திரட்டியது. எண்ணெய் ஆலையைச் சீர்படுத்துவது பசுமையா என்று பெரும் சண்டை. இதைவிட அடிப்படையான ஓட்டை ஒன்றும் உண்டு. பொதுவாக, பசுமை வாக்குறுதியை மீறினாலும் வட்டியைச் சரியாகக் கட்டிவிட்டால் சட்டப்படி அது கடன் தவறியதாகாது.

இந்தியாவுக்குப் பசுமைப் பத்திரம் 2015-ல் யெஸ் வங்கி மூலம் வந்தது. மத்திய அரசு 2023 ஜனவரி 25 அன்று முதல்முறையாக 8,000 கோடி ரூபாய்க்கு ஏலம் விட்டது. ஐந்தாண்டுப் பத்திரத்துக்கு 7.10 சதவீதம், பத்தாண்டுக்கு 7.29. அரசின் விதிகளைப் பார்த்துக் கருத்துச் சொன்னதும் அதே சிசெரோதான். ‘நடுத்தரப் பச்சை’ என்று தரம் போட்டது. சாதாரண அரசுப் பத்திரத்தைவிடச் சற்றுக் குறைந்த வட்டிக்கே அன்று பணம் கிடைத்தது. அந்தச் சலுகை நீடிக்கவில்லை. 2024-ல் சில ஏலங்களில் ரிசர்வ் வங்கி கேட்ட விலைக்கு ஆள் வரவில்லை. நல்ல காரியத்துக்காக வட்டியை விட்டுக்கொடுக்க நம் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தயாராக இல்லை என்பதே அதன் பொருள்.

சாமானியர் கைக்கு வந்ததைச் சொல்ல இந்தூரைத்தான் காட்ட வேண்டும். நர்மதைத் தண்ணீரை ஜலூதிலிருந்து மேடேற்றி ஊருக்குக் கொண்டுவர அந்த மாநகராட்சிக்கு ஆகும் மின்கட்டணம் மிகப் பெரிது. அதைக் குறைக்க 60 மெகாவாட் சூரிய மின் நிலையம் கட்டுவதற்காக, 2023 பிப்ரவரியில் 8.25 சதவீத வட்டியில் பொதுமக்களிடமே 244 கோடி திரட்டினார்கள்.

அரசுப் பத்திரத்தை ரிசர்வ் வங்கியின் ‘ரீடெய்ல் டைரக்ட்’ கணக்கில் 10,000 ரூபாயிலிருந்து யாரும் வாங்கலாம். பச்சை என்ற பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். கடனைத் திருப்பித் தரப்போவது யார் என்று முதலில் பாருங்கள். பிறகு, போன ஆண்டு திரட்டிய பணம் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு போனது என்ற அறிக்கையைத் தேடிப் படியுங்கள். அந்த அறிக்கை இல்லாத பத்திரத்துக்கும் சாதாரணப் பத்திரத்துக்கும் வித்தியாசம் கிடையாது.