இலை உதிர்ந்த மாதத்துப் பருந்துகள்

தோட்டத்தில் வருடத்துக்கு ஒரு மாதம்தான் எங்களுக்கு முழு வானம் தெரியும். மற்ற நாள்களில் லயத்திலிருந்து எந்தப் பக்கம் அண்ணாந்தாலும் ரப்பர் இலைதான். பிப்ரவரியில் வெயில் ஏற ஏற இலை பழுத்துச் சிவக்கும். பிறகு ஒரு வாரக் காற்றில் மொத்தமும் கொட்டிவிடும். மரங்கள் குச்சி குச்சியாக நிற்கும். காட்டுக்குள் நடந்தால் காலடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம். எங்களுக்கு அது விளையாட்டு. பெரியவர்களுக்குப் பஞ்ச காலம். இலை கொட்டினால் பால் குறையும், பால் குறைந்தால் கைக்கு வரும் காசும் குறையும். "எல உதுந்தா ஒலையும் எறங்கிரும்" என்பார் பாட்டி.

மலாக்காவின் வடமேற்கு ஓரத்தில், லிங்கி ஆற்றுக்கு அதிக தூரமில்லாத தோட்டம் அது. அந்த இலையுதிர் மாதத்தில் நடுப்பகல் ஆனால் பாட்டியின் குரல் லயம் முழுக்கக் கேட்கும்.

"டேய், பருந்து சுத்துது. குஞ்சுங்கள மூடு!"

நான் ஓடிப்போய்ப் பஞ்சாரத்தைக் கவிழ்ப்பேன். அண்ணாந்து பார்த்தால் வெளுத்த வானத்தில் கரும்புள்ளிகள். ஒன்று இரண்டு இல்லை, பத்து இருபது. ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே மேலே போகும். பிறகு சுற்றுவதை நிறுத்திவிட்டு, யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் வரிசையாக வடக்கே வழுக்கிப் போகும். ஒருநாளும் ஒன்றும் கீழே இறங்கியதாக ஞாபகமில்லை. பாட்டியிடம் கேட்டேன்.

"நாமதான் மூடிட்டோமே, அப்புறம் எதுக்கு எறங்கும்?"

அந்தப் பதிலில் எனக்கு வெகுகாலம் சந்தேகமே வரவில்லை.

*

பாட்டி இறந்து, தோட்டம் செம்பனையாக மாறி, நாங்கள் பட்டணத்துத் தாமானுக்கு வந்து பல வருடங்கள் கழித்து ஒரு மார்ச் சனிக்கிழமை தஞ்சோங் துவானுக்குப் போனேன். போர்ட்டிக்சன் கடற்கரையைத் தாண்டி, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் சிறு காட்டுக் குன்று. சுற்றிலும் நெகிரி செம்பிலான். ஆனால் இந்தக் குன்று மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். வரைபடத்தில் தாயிடமிருந்து பிரிந்த பிள்ளை மாதிரி தனியாகக் கிடக்கும். அதன் உச்சியில் வெள்ளைக் கலங்கரை விளக்கம்.

அங்கே மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் மார்ச் மாதத்தில் பருந்து பார்க்கும் விழா நடத்திவருகிறது. விழாவுக்கு ஒருநாள் கூட்டம் வரும். எண்ணிக்கை எடுக்கும் தொண்டர்கள் அதற்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். கையில் எண்ணும் கருவி, மடியில் தாள், கண்ணெல்லாம் கடல்மீது. நான் போனபோது பதினொரு மணி. கடலில் கப்பல்களைத் தவிர ஒன்றுமில்லை. அரை மணி நேரத்தில் ஒரு பெண் கையை நீட்டிக் காட்டினார். தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு புள்ளி, களைத்துப்போய் இறக்கையை அடித்து அடித்து வந்தது. பிறகு இன்னொன்று, பிறகு ஒரு கூட்டம். விளக்கத்தின் அடியில் நின்ற எங்கள் தலைக்கு மேலே, கல் எறிந்தால் படுகிற உயரத்தில் கடந்தன. ஐந்தடி விரியும் இறக்கை. சின்னத் தலை, புறாவுடையதைப் போல. காட்டின்மேல் வந்ததும் இறக்கை அடிப்பதை நிறுத்தின. விரித்தபடி சுற்றின. சுற்றச் சுற்ற உயர்ந்து புள்ளியாகி, வடக்கே வழுக்கிப் போயின.

பாட்டி காட்டிய அதே புள்ளிகள்.

"இது என்ன பருந்து?" என்று மலாயில் கேட்டேன். தேன்பருந்து என்றார் அந்தப் பெண். குளவிக் கூட்டையும் தேன்கூட்டையும் காலால் கிளறி உள்ளே இருக்கும் புழுக்களைத் தின்னும். கொட்டுகளைத் தாங்குவதற்காக முகத்தில் செதில் போன்ற நெருக்கமான இறகு. "கோழிக்குஞ்சு தூக்குமா?" என்றேன். அவர் சிரித்தார். கோழிக்குஞ்சுக்காக இவ்வளவு தூரம் வராது என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை நடுப்பகல் பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

*

எவ்வளவு தூரம் என்பது ஜப்பானியர்கள் புண்ணியத்தில் தெளிவாகத் தெரியும். தோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹிரோயோஷி ஹிகுச்சியும் அவரது குழுவினரும் 2003 முதல் தேன்பருந்துகளின் முதுகில் சிறிய கருவியைக் கட்டித் துணைக்கோளின் வழியே பின்தொடர்ந்தார்கள். ஜப்பானில் குஞ்சு பொரித்த பறவைகள் இலையுதிர்காலத்தில் கிழக்குச் சீனக் கடலைத் தாண்டிச் சீனாவுக்குள் நுழைந்து, இந்தோசீனா வழியாக மலாய்த் தீபகற்பத்தில் இறங்கி, சுமத்ரா, ஜாவா வரை போகின்றன. வசந்தத்தில் இதே தீபகற்பத்தின் வழியாகத் திரும்புகின்றன. ஆனால் அப்போது கடலைக் குறுக்கே தாண்டாமல் சீனாவின் வடக்குவரை ஏறி, கொரியாவைச் சுற்றிக்கொண்டு ஜப்பான் சேர்கின்றன. ஒரு வழிக்கே சுமார் பத்தாயிரம் கிலோமீட்டர்.

இவ்வளவு பெரிய பயணத்துக்குத் தஞ்சோங் துவான் ஏன் வாசலாயிற்று? கனமான உடம்பு கொண்ட பருந்து நாள் முழுதும் இறக்கை அடித்துப் பறக்க முடியாது. வெயிலில் சூடான தரையிலிருந்து மேலெழும் காற்றில் ஏறிக்கொள்ளும். உச்சிக்குப் போனதும் அடுத்த காற்றுத் தூண்வரை வழுக்கிச் செல்லும். கடல்மேல் அந்தச் சூடான காற்று கிடைக்காது. அதனால் கடல் குறுகிய இடத்தைத் தேடுகின்றன. சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவிலிருந்து தஞ்சோங் துவானுக்குச் சுமார் 38 கிலோமீட்டர். காலையில் அங்கே காற்று சூடானதும் கிளம்பினால் நடுப்பகலில் இங்கே வந்துவிடலாம். பாட்டியின் குரல் எப்போதும் நடுப்பகலில் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

கடல் குறுகலாக இருப்பது மனிதர்களுக்கும் முக்கியம். போர்த்துக்கீசியர்கள் இந்த முனைக்குக் காபோ ராச்சாடோ என்று பெயர் வைத்தார்கள். பிளந்த முனை என்று பொருள். இங்கே முதலில் விளக்கு வைத்தவர்களும் அவர்களே என்று மரபாகச் சொல்லப்படுகிறது. இப்போது நிற்கும் கோபுரம் ஆங்கிலேயர்கள் 1863இல் கட்டியது. 1606 ஆகஸ்டில் இந்த முனைக்கு எதிரேதான் டச்சுக் கடற்படையும் போர்த்துக்கீசியக் கடற்படையும் மலாக்காவுக்காக மோதிக்கொண்டன. கப்பல்கள் எரிந்து மூழ்கின. மலாக்கா டச்சுக்காரர்கள் கைக்கு வர 1641 ஆனது. இந்தப் பாதையைக் காவல் காத்தவனுக்கே துறைமுகம் சொந்தம் என்பதால் எல்லோரும் இங்கே ஒரு கண்ணை வைத்திருந்தார்கள். விளக்கு இருந்ததால் காடும் தப்பியது. கரையோரம் முழுக்கத் தோட்டமும் விடுதியுமாகிவிட்ட பிறகும் இந்த ஒரு துண்டு பச்சையாக நிற்கிறது.

நம் ஆள்களும் இந்த விளக்கைப் பார்த்திருக்கிறார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்கில் நின்று, போர்ட் சுவெட்டன்ஹாம் தாண்டி, சிங்கப்பூர் வரை போன ரஜூலா கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. சிங்கப்பூருக்குப் போனவர்கள் தஞ்சோங் துவான் விளக்கைக் கடக்காமல் போயிருக்க முடியாது.

*

மரமும் குடியேறிதான். பிரேசில் விதை 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. மறு வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1896இல் மலாக்காவின் தான் சே யான், ரிட்லியின் தூண்டுதலால் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் ஆசாஹானில் பெரிய அளவில் நடவு நடந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டக் கதை மலாக்காவில் தொடங்கியது என்று பெருமையாகச் சொல்வோம். அதற்காக அழிந்த காட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தக் காட்டை வெட்டிய கைகளில் நம் கைகளும் உண்டு.

பருந்துகள் ஒவ்வொரு வருடமும் திரும்பிப் போகின்றன, நாம் ஒருமுறை வந்து ஒரேயடியாக இருந்துவிட்டோம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வரலாறு அப்படி இல்லை. கங்காணி முறையில் வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகும் எண்ணத்தோடுதான் வந்தார்கள். சில வருடம் வேலை, கொஞ்சம் காசு, ஊர், கல்யாணம், மறுபடி கப்பல். என் பாட்டியின் அப்பாவே இரண்டு முறை போய் மூன்று முறை வந்தவர். 1930 தொடங்கிய பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறியதும் மறுபடி ஆள் வந்தது. 1938இல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்தது. பிறகு போர். 1953இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் கதவை ஏறக்குறைய மூடியது. அதுவரை நம் பயணமும் வலசைதான். அதை ஒருவழிப் பாதையாக்கியவை சட்டங்களும் ரப்பர் விலையும். அந்தந்த வருடத்தில் எந்தக் கரையில் இருந்தார்களோ அங்கேயே பலர் நின்றுபோனார்கள்.

பள்ளியில் ஐந்திணை படித்தபோது பாலைத் திணை மட்டும் எனக்கு அந்நியமாக இருந்தது. மழை நாட்டுப் பிள்ளைக்கு வறண்ட நிலம் எங்கே தெரியும்? இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பாலைக்குரிய காலம் வேனிலும் பின்பனியும். பின்பனி என்றால் மாசி, பங்குனி. பொழுது நண்பகல். பறவைகளில் பருந்து ஒன்று. மரம் இலையின்றி நிற்கும். உரிப்பொருள் பிரிவு, அதுவும் பொருள் தேடிப் போகிற பிரிவு. பிப்ரவரி, மார்ச் மாதத்து ரப்பர்த் தோட்டத்தில் இவை அனைத்தும் இருந்தன. பாட்டிக்குத் தொல்காப்பியம் தெரியாது. ஆனால் ஊரில் விட்டுவந்த தங்கச்சியைப் பற்றி அவர் வாய்திறந்து பேசியது அந்த வேலை குறைந்த மாதத்தில்தான்.

*

நம் மக்கள் அந்த வானத்தைப் பார்க்காமல் இல்லை. இரண்டு காரணத்துக்காகப் பார்த்தார்கள். ஒன்று, கோழிக்குஞ்சு. இன்னொன்று, கருடன்.

கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு நீர் ஊற்றும் நேரத்தில் கூட்டம் முழுக்க அண்ணாந்து நிற்கும். கருடன் வட்டமிட்டால்தான் மனசு ஆறும். மாசி மகத்துக்கு மலாக்கா நகரத்தின் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் செங் சன்னாசிமலைக்குப் போகும். அங்கே வெயிலில் நின்றபோது ஒருமுறை "கருடன்! கருடன்!" என்று குரல் எழும்பியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கருடன் எனப்படும் செம்பருந்து இந்தக் கரையோரத்தில் வருடம் முழுக்க வாழ்வதுதான். ஆனால் மாசி நடுப்பகலில் அவ்வளவு உயரத்தில் கூட்டமாகச் சுற்றியவை ரூபாட்டிலிருந்து அன்று காலை கிளம்பியவையாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கும்பிட்டதில் தப்பொன்றும் இல்லை. கடல் தாண்டி வந்த களைப்புக்கு ஒரு கும்பிடு போடலாம்.

எனக்கு வருத்தம் வேறு. தஞ்சோங் துவானில் எண்ணிய ஒவ்வொரு பறவைக்கும் தாளில் ஒரு கோடு இருக்கிறது. பல தலைமுறை தோட்டத்தில் இருந்து பார்த்தவர்களின் பார்வைக்கு ஒரு வரிகூட இல்லை. தோட்டப் பதிவேடுகளில் பால் நிறை இருக்கும், பெரட்டுக்கு வராதவர் பெயர் இருக்கும். அண்ணாந்து பார்த்ததற்கு யார் கணக்கு எழுதுவார்கள்? செம்பனை வந்த பிறகு அந்தப் பார்வையும் போய்விட்டது. செம்பனை மொத்தமாக இலை கொட்டுவதில்லை. அதனடியில் வானம் திறக்கும் மாதம் என்று ஒன்று கிடையாது.

அன்று தஞ்சோங் துவானிலிருந்து திரும்பியதும் அம்மாவிடம் கேட்டேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்:

"மொதல்ல ஒண்ணு ரெண்டாத்தான் வரும். மாசி மகம் நெருங்கையில கூட்டங் கூட்டமா வரும். மரத்துல புது எல செவப்பா விட்டு, பச்சையானதும் நின்னுரும். மழ மூட்டம்னா அன்னிக்கு வராது. வெயில் அடிச்சாத்தான்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தஞ்சோங் துவானில் அந்தத் தொண்டர் சொன்னதும் இதேதான். பிப்ரவரி நடுவில் தொடங்கும், மார்ச்சில் உச்சம், ஏப்ரல் தொடக்கத்தில் ஓயும், வெயில் வேண்டும். அவர் தேதியில் சொன்னார். அம்மா இலையில் சொன்னார்.

"இத ஏம்மா இத்தன நாள் சொல்லல?"

"நீ கேட்டாத்தானே."

ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி அம்மா சொன்னதை முதல் பக்கத்தில் எழுதினேன். எங்கள் தாமானில் பால் வெட்டிய கைகள் இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எழுபதுக்கு மேல். வாரம் ஒருவராகப் போய்க் கேட்கிறேன். பக்கத்து வீட்டு அத்தை, பருந்து வந்தால் மூன்று வாரத்தில் புது இலை என்று கணக்கு வைத்திருந்தாராம். புது இலை என்றால் பால் ஏறும், பால் ஏறினால் கடைக்காரர் மறுபடி கடன் தருவார்.

"அதனாலதான்யா நா பருந்த வெரட்ட மாட்டேன்" என்றார்.